நடுவர் இல்லாத பலகை

(இராயபுரத்தில் கேரம் மன்றம் ஒன்றின் போட்டித் தொடக்க நாளன்று நிகழ்த்திய சொற்பொழிவு)



போட்டியைத் தொடங்கி வைக்க அழைக்கப்படுகிறவர், ஆட்டத்தின் பெருமையைச் சில வார்த்தைகளில் புகழ்ந்துவிட்டு அமர்வதே வழக்கம் என்பதை நான் அறிவேன். ஆயினும், இராயபுரத்தில் தொடங்கிக் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் கடலோரமாக நீளும் இந்தப் பகுதியில், தெருவுக்குத் தெரு ஒரு கேரம் பலகையும் அதன்மேல் தாழத் தொங்கும் ஒரு விளக்கும் இருக்கையில், கேரத்தின் பெருமையை எடுத்துரைக்க வெளியிலிருந்து ஒருவன் வரவேண்டிய அவசியம் இல்லை. 1991-லும் 1995-லும் உலகப் பட்டத்தை வென்று, 1996-ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருதைக் கேரம் ஆட்டத்திற்கு முதன்முதலாகப் பெற்றுத் தந்த மரிய இருதயம் இந்த நகரத்துக்காரர். 2008-இல் பிரான்ஸ் தேசத்துக் கான் நகரில் உலகப் பட்டம் பெற்ற இளவழகி வியாசர்பாடியிலே வளர்ந்தவர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்களோடு திரும்பிய காசிமா, இதோ பக்கத்தில் புது வண்ணாரப்பேட்டையிலிருந்து போனவர். இவற்றுக்கெல்லாம் மேலாக, சர்வதேசக் கேரம் சம்மேளனம் என்ற உலக அமைப்பே 1988-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இதே சென்னையில்தான் பிறந்தது. உலகத்தார் இன்று ஒப்புக்கொண்டு ஆடும் விதிகள் நம்முடைய ஊரில் உருவம் பெற்றவை என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த விதிகளைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன்; குறிப்பாக, விதியை மீறியவன் தானே வாய் திறந்து அதைச் சொல்லவேண்டும் என்ற கடமையைப் பற்றி.

பெரிய போட்டிகளில் பலகைக்கு ஒரு அம்பயர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு மேலே தலைமை நடுவர் ஒருவர் இருப்பார். சந்தேகம் எழுந்தால் கையை உயர்த்தினால் போதும். நம்முடைய மன்றங்களில் நிலைமை வேறு. அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் ஒருவரே அம்பயராக உட்காருகிறார். அவர் மனம் பாதி தம்முடைய ஆட்டத்தின்மேல் இருக்கும், பாதி கையிலுள்ள டீயின்மேல் இருக்கும். அவர் எவ்வளவுதான் கண்ணும் கருத்துமாக இருந்தாலும், இந்த ஆட்டத்தின் மிக நுட்பமான தவறுகளை அவரால் காண முடியாது. பலகையின் ஆடுபரப்பு பக்கத்துக்கு 74 சென்டிமீட்டருக்கு மேற்படாத ஒரு சதுரம். அதில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கோடுகள். ஸ்ட்ரைக்கரை எங்கே வைத்தாலும் அது இரண்டு கோடுகளையும் தொட்டிருக்க வேண்டும். கோடுகளின் இரு முனைகளிலும் சிறு வட்டங்கள். ஸ்ட்ரைக்கர் அந்த வட்டத்தை முழுவதும் மூடவேண்டும், அல்லது அதைத் தொடாமலே விலகி இருக்கவேண்டும், அரைகுறையாக அதன்மேல் ஏறி நிற்கக் கூடாது. இப்பொழுது ஒரு மெல்லிய கோணத்தில் வெட்டி அடித்தால் காயின் விழுந்துவிடும், ஆனால் அந்தக் கோணம் கிடைக்கவேண்டுமானால் ஸ்ட்ரைக்கர் மேற்கோட்டிலிருந்து ஒரு மயிரிழை பின்னுக்கு வரவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மயிரிழையை எதிரே இருப்பவர் காணமாட்டார், பக்கத்தில் இருக்கும் அம்பயரும் காணமாட்டார். மேலேயிருந்து நேராக நோக்கும் ஒரே மனிதர், ஸ்ட்ரைக்கரின்மேல் விரலை வைத்திருப்பவர் மாத்திரமே. ஸ்ட்ரைக்கரைச் சுண்டி அடிக்கவேண்டும், தள்ளக் கூடாது என்ற விதியும் அத்தகையதே: விரல் அடித்ததா தள்ளியதா என்பது விரலுக்கு உரியவருக்குத் தெரியும், பிறருக்கு அநேகமாக ஊகம்தான். சட்டைக் கை ஒரு காயினைத் தொட்டு அசைத்தால், இரண்டாம் ஷிப்ட் முடித்துக் கம்பெனிச் சட்டையோடே வந்து உட்கார்ந்த நண்பரின் தோலுக்குத்தான் அந்த ஸ்பரிசம் முதலில் எட்டும்.

ஆகவே மன்றத்துப் போட்டிகளில் விதி என்பது, மீறியவர் எந்த அளவுக்குச் சொல்லுகிறாரோ அந்த அளவுக்குத்தான் உயிரோடு இருக்கிறது. இது நம்முடைய ஆட்டத்துக்கு மட்டும் நேர்ந்த சங்கடம் என்று எண்ணவேண்டாம். இதே நிலைமையைப் பல தலைமுறைகளாக எதிர்கொண்டு, அதற்கென்று ஒரு தர்மத்தையே வகுத்துக்கொண்ட இன்னொரு ஆட்டம் இருக்கிறது, அது கோல்ஃப்.

கிண்டியில் குதிரைப் பந்தயப் பாதையின் உட்புறமாக நெடுங்காலம் கோல்ஃப் ஆடிவந்தார்கள். அந்தப் புல்வெளிக்கும் நம்முடைய சந்துகளுக்கும் தூரம் அதிகம். அங்கே ஆடியவர்களின் வாழ்க்கைக்கும் துறைமுகத்துத் தொழிலாளியின் வாழ்க்கைக்கும் தூரம் அதைவிட அதிகம். ஆனால் ஒரு நல்ல வழக்கம் யாரிடமிருந்தாலும் எடுத்துக்கொள்வதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. கோல்ஃப் ஆட்டக்காரர் விசாலமான வெளியில், மரங்களுக்கும் மணல் பள்ளங்களுக்கும் நடுவே, பல வேளைகளில் எவர் கண்ணிலும் படாமல் தம் பந்தை அடிக்கிறார். ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு நடுவரை அனுப்ப இயலாது. அதனால் 1744-இல் ஸ்காட்லாந்தின் லீத் என்ற ஊரில் பதின்மூன்று விதிகளாக எழுதப்பட்டுத் தொடங்கிய அந்தச் சட்டம், இன்று தடித்த புத்தகமாக வளர்ந்த பின்பும், தன் முதல் விதியிலேயே ஆட்டக்காரரின் நேர்மையை அடித்தளமாக வைக்கிறது: தவறு செய்தால் தம்மீது தாமே அபராதம் விதித்துக்கொள்ளவேண்டும்.

1925-ஆம் ஆண்டில், வூஸ்டர் நகரத்தில் நடந்த அமெரிக்கத் திறந்தமுறைப் போட்டியில், அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரராகிய பாபி ஜோன்ஸ், உயர்ந்த புல்லுக்குள் கிடந்த பந்தை அடிக்க ஆயத்தமானபொழுது அந்தப் பந்து சிறிதே அசைந்துவிட்டது. கூட ஆடியவர் பார்க்கவில்லை, அதிகாரிகள் பார்க்கவில்லை, ஜனங்களும் பார்க்கவில்லை. ஜோன்ஸ் தாமாகவே அதைச் சொல்லி, தம் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். நான்கு சுற்றுகளும் முடிந்தபொழுது அவரும் வில்லி மக்ஃபார்லேன் என்பவரும் சமநிலையில் நின்றார்கள். அந்த ஓர் அடி கூடியிராவிட்டால் பட்டம் அன்றே ஜோன்ஸுடையது. பிறகு நடந்த தீர்வு ஆட்டத்தில் அவர் ஒரே ஓர் அடியில் தோற்றார். தோல்வியைக் கூறிவிட்டு நேர்மையைப் புகழ்வது சுலபம். நான் சுட்ட விரும்புவது இன்னொன்று. பந்து அசைந்தால் என்ன விதி, என்ன அபராதம் என்பது ஜோன்ஸுக்கு ஐயமறத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததனால்தான் அவரால் நேர்மையாக இருக்க முடிந்தது. விதி தெரியாதவனுக்கு, தான் செய்தது தவறு என்ற எண்ணமே எழாது. எழாத எண்ணத்தை அவன் எப்படி வாய்விட்டுச் சொல்லுவான்?

இந்த இடத்தில்தான் நம்முடைய மன்றங்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை. நம்மிடையே திருட்டு ஆட்டம் ஆடுகிறவர்கள் மிகக் குறைவு. விதியைப் பாதி அறிந்தவர்கள் மிக அதிகம். ஒரு தெருவில் ரெட் என்னும் சிவப்புக் காயினுக்கு ஐந்து புள்ளி என்பார்கள், அடுத்த தெருவில் மூன்று என்பார்கள். இன்றைய சர்வதேச விதிப்படி அது மூன்று. அதுவும் 21 புள்ளி வரையில் இருப்பவருக்கே சேரும். 22-ஐத் தொட்டுவிட்டவர் ரெட்டைப் போட்டு, ஃபாலோவாகத் தம் காயின் ஒன்றையும் போட்டுப் போர்டை வென்றாலும் அந்த மூன்று அவர் கணக்கில் ஏறாது. கட்டைவிரலால் அடிப்பதைப் பெரும் பாவமாகக் கருதும் மன்றங்களை நான் அறிவேன். சர்வதேச விதி அதை அனுமதிக்கிறது. ஸ்ட்ரைக்கரோடு கூடத் தன் சொந்தக் காயினும் குழியில் விழுந்துவிட்டால், விழுந்த காயினும், ஃபைனாக, அதாவது அபராதமாக, இன்னொரு காயினும் வெளியே வரும். ஆனால் ஆட்டம் அவரிடமே தொடரும் என்பது புத்தகம். பல தெருக்களில் ஃபைனும் வைக்கவேண்டும், ஆட்டமும் கைமாறவேண்டும் என்பது வழக்கம். ஒரு கேம் 25 புள்ளி அல்லது எட்டுப் போர்டு, எது முந்துகிறதோ அதோடு முடிந்தது என்பதைக்கூட, இரவு நேரமாகிவிட்டதென்று ஐந்து போர்டாகச் சுருக்கிக்கொண்டு, அந்தச் சுருக்கத்தையே விதி என்று சிறுவர்களுக்குக் கற்பித்துவிடுகிறார்கள்.

தெரு வழக்கங்களை நான் பழிக்கவில்லை. இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ற சில மாறுதல்கள் எந்த ஆட்டத்திலும் உண்டு. கோல்ஃப் மன்றங்களும் அந்தந்த இடத்துக்குரிய விதிகளை வகுத்துக்கொள்கின்றன. ஆனால் ஆட்டம் தொடங்குமுன்பே எல்லோரும் அறியும்படி அவற்றை அறிவித்துவிடுகின்றன. நம்மிடத்தில் குறை எங்கே இருக்கிறதென்றால், திருவொற்றியூரிலிருந்து ஒருவரும் இராயபுரத்திலிருந்து ஒருவரும் எதிரெதிரே உட்காருகிறார்கள், இருவர் மனத்திலும் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன, அந்த வேற்றுமை அரையிறுதி ஆட்டத்தின் ஏழாவது போர்டில், ஸ்ட்ரைக்கரும் காயினும் சேர்ந்து விழுந்த கணத்தில்தான் வெளிப்படுகிறது. அப்பொழுது இருவரும் சத்தியத்தைத்தான் சொல்லுகிறார்கள். இருவருக்கும் எதிராளி பொய்யனாகத் தோன்றுகிறான். பல ஆண்டுச் சிநேகம் அந்த ஒரு விவகாரத்தில் முறிந்துபோனதை நீங்கள் ஒவ்வொருவரும் கண்டிருப்பீர்கள்.

இதைவிடவும் நுட்பமான ஓர் அநியாயம் உண்டு. அது பெருந்தன்மையின் வேஷத்தில் வருவதனால் அதை அநியாயமென்று எவரும் நினைப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மன்றத்தின் லீக் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்றிகள் சமமானால் புள்ளி வித்தியாசத்தைக் கொண்டு அடுத்த சுற்றுக்கு ஆளைத் தேர்வது அங்கே ஏற்பாடு. கடைசி ஆட்டத்தில் ஆடிய இருவரில் மூத்தவர் ஏற்கனவே அடுத்த சுற்றுக்குத் தேறிவிட்டவர்; இளையவருக்குப் புள்ளி தேவையாக இருந்தது; இருவரும் ஒரே தெரு. நடு ஆட்டத்தில் இளையவரின் சட்டைக் கை பட்டு ஒரு கறுப்புக் காயின் நகர்ந்தது. அவர் ஒரு கணமும் தாமதிக்காமல், "அண்ணே, கை பட்டுச்சு" என்றார். மூத்தவர் சிரித்துக்கொண்டே, "பரவால்ல, வுடு. நீ ஆடுப்பா" என்றார். அம்பயராக உட்கார்ந்திருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. சுற்றி நின்றவர்கள் மூத்தவரின் பெரிய மனத்தை மெச்சினார்கள். அந்த நேரத்தில் நானும் மெச்சினேன். வாசற்படியில் நின்றுகொண்டிருந்த மூன்றாமவர் ஒருவர், தம் ஆட்டங்களையெல்லாம் முடித்துவிட்டு இந்த முடிவுக்காகக் காத்திருந்தவர், மிகச் சிறிய புள்ளி வித்தியாசத்தில் வெளியேறினார். தம் ஸ்ட்ரைக்கரைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இருவருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார்.

தவறு செய்தவர் மறைக்கவில்லை. அவர் நேர்மை குறையற்றது. மன்னித்தவரின் உள்ளத்திலும் வஞ்சனை இல்லை. இருந்தும் ஒருவருக்கு அநியாயம் நடந்துவிட்டது. காரணம், அந்த மூத்தவர் விட்டுக்கொடுத்த ஃபைன் காயின் அவருடைய சொத்தே அல்ல. அது போட்டியில் பெயர் கொடுத்த அத்தனை பேருக்கும் பொதுவான சொத்து. மாலையில் பொழுதுபோக்காக ஆடும்பொழுது இருவர் தமக்குள் எதையும் விட்டுக்கொடுக்கலாம். அதைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அட்டவணை ஒட்டப்பட்டு, மூன்றாம் மனிதர் ஒருவரின் கதி அந்தப் பலகையில் தீர்மானமாகிறது என்ற நிலை வந்தவுடன், இருவர் சம்மதத்தால் விதியை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அந்த இருவருக்கும் இல்லை. கோல்ஃப் விதி இதை எவ்வளவு கடுமையாகக் கருதுகிறதென்றால், தமக்குத் தெரிந்த ஒரு விதியையோ அபராதத்தையோ பொருட்படுத்தாமல் விடுவதென்று ஆட்டக்காரர்கள் தமக்குள் இசைந்து ஆடினால், இசைந்தவர்கள் அத்தனை பேரும் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்கள். முதன்முறை கேட்கும்பொழுது இது கொடிய சட்டமாகத் தோன்றும். அந்த வாசற்படியில் நின்றவரின் நிலையிலிருந்து யோசித்துப் பார்த்தால் அதன் நியாயம் விளங்கும். திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள்: அளவு தப்பிய ஒரு பாகத்தை, பக்கத்து மிஷின்காரர் சிநேகிதர் என்பதற்காகக் கேஜ் வைத்துப் பார்க்காமல் அனுப்பினால், அதன் பலனை அனுபவிப்பவர் எங்கோ ஒரு வண்டியை ஓட்டிச் செல்லும் முகமறியாத மனிதர்.

விதியை நன்றாகக் கற்றவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. எழுத்து எங்கே இடம் கொடுக்கிறதென்று தேடும் சாமர்த்தியம் கல்வியோடு கூடவே வந்துவிடுகிறது. நேரத்தைக் கடத்துவதற்காகப் போரிக் பவுடரை மீண்டும் மீண்டும் தூவித் துடைப்பது, எதிராளி குறி பார்க்கும் கணத்தில் நாற்காலியைச் சரிசெய்வது, இவற்றில் எந்த எழுத்தை மீறினேன் காட்டு என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த மனப்போக்கு எவ்வளவு பழமையானது என்பதற்கு நாம் வேற்றூருக்குப் போகவேண்டாம். திருவொற்றியூர்த் தலத்தில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் சங்கிலியாரை மணக்க விரும்பியபொழுது, உன்னைவிட்டு நீங்கேன் என்று சத்தியம் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. சந்நிதியில் சத்தியம் செய்தால் அது கட்டுப்படுத்துமே என்று எண்ணிய அவர், அந்த நேரத்தில் மட்டும் மூலஸ்தானத்தை விட்டு மகிழ மரத்தடியில் எழுந்தருளியிருக்கும்படி இறைவனையே வேண்டிக்கொண்டார். இறைவனும் இசைந்தார், இசைந்துவிட்டு, சத்தியத்தை மகிழின் கீழே கேள் என்று சங்கிலியாரிடத்தில் கனவில் சொல்லிவிட்டார். மரத்தடியில் செய்த சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைக் கடந்தபொழுது சுந்தரர் இரு கண்ணின் ஒளியையும் இழந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக இன்றும் அந்த நிகழ்ச்சி நடத்திக் காட்டப்படுகிறது. இறைவனுக்கே தோழரான ஓர் அடியார், சத்தியத்தின் எழுத்தைக் காத்துக்கொண்டு அதன் உட்பொருளிலிருந்து தப்ப ஒரு வழி தேடினார் என்பதைச் சேக்கிழார் மறைக்காமல் எழுதி வைத்தார். உற்சவத்தன்று வடம்பிடித்து நிற்கிறவர்களில் பலர் மறுநாள் மாலை நம்மோடு பலகையருகில் உட்காருகிறவர்கள்தாம்.

நேர்மையைப் பற்றி இவ்வளவு கடுமையாகப் பேசியபின், நேர்மையாளரைக் காப்பாற்றவேண்டிய கடமை நமக்கு உண்டென்பதையும் சொல்லவேண்டும். இப்பொழுது ஒவ்வொரு ஆட்டத்தையும் எவராவது கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். ஆட்டம் முடிந்தபின் படத்தைப் பெரிதாக்கி, இதோ கோட்டுக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது என்று குற்றம் சாட்டுகிறார்கள். இது சரியல்ல. 2019-இல் திருத்தியமைக்கப்பட்ட கோல்ஃப் விதிகளில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது: ஓர் இடத்தையோ தூரத்தையோ ஆட்டக்காரர் தம்மால் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய அளவு கவனத்தோடு மதிப்பிட்டுச் செயல்பட்டிருந்தால், பின்னால் ஒரு வீடியோ வேறு விதமாகக் காட்டினாலும் அவர் மதிப்பீடே ஏற்றுக்கொள்ளப்படும். மனிதக் கண்ணுக்கு எட்டாததைக் கேட்டு மனிதனைத் தண்டிப்பதில்லை. நாமும் அவ்விதமே செய்யலாம். குனிந்து பார்த்து, இரண்டு கோடும் தொட்டிருக்கிறதென்று மனப்பூர்வமாக நம்பி அடித்தவர் குற்றவாளி அல்லர். தொடவில்லையென்று அறிந்தே அடித்தவர், எந்தப் படத்திலும் அகப்படாவிட்டாலும், குற்றவாளிதான்.

ஸ்கோர் எழுதும் தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1968-இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினா தேசத்து ராபர்ட்டோ டி விசென்சோ, பதினேழாவது குழியை மூன்றே அடியில் முடித்ததை ஆயிரக்கணக்கான ஜனங்கள் கண்ணாரக் கண்டார்கள். கணக்கு எழுதிய சக ஆட்டக்காரர் கைதவறி நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ சரிபாராமல் கையெழுத்திட்டார். கையெழுத்திட்ட கணக்கே நிலைத்து, பட்டத்துக்கான தீர்வு ஆட்டம் ஆடும் வாய்ப்பை ஓர் அடியில் இழந்தார். நம்முடைய தாள்களில் பெரும்பாலும் எவருமே கையெழுத்திடுவதில்லை. மறுநாள் காலையில் புள்ளிகள் மாறிவிட்டன என்ற முறையீடு மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

இன்று தொடங்கும் போட்டிக்கு மன்றத்தாரிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. ரெட்டின் புள்ளி, கட்டைவிரல், ஸ்ட்ரைக்கரோடு காயின் விழுந்தால் ஆட்டம் யாருக்கு, எத்தனை போர்டு என்பவற்றை முதல் ஆட்டத்துக்கு முன்பே ஒரு கரும்பலகையில் எழுதி, எல்லோரும் கேட்கும்படி ஒருவர் வாசிக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் இருவரும் தாளில் கையெழுத்திடட்டும். லீக் ஆட்டங்களில் எவரும் எவருக்கும் ஃபைனை விட்டுக்கொடுக்கக் கூடாதென்பதையும் அறிவித்துவிடுங்கள். அதனால் சிநேகம் கெடாது, வாசற்படியில் நிற்பவருக்கு நியாயம் கிடைக்கும். கடைசியாக, அம்பயராக உட்கார அடுத்த ஆட்டக்காரரை அழைப்பதை நிறுத்திவிட்டு, இங்கே சுவரோரம் நிற்கும் பையன்களின் கையில் விதிப் புத்தகத்தைக் கொடுத்து உட்கார வையுங்கள். அவர்கள் தவறாகச் சொல்லிவிட்டால் புத்தகத்தைத் திறந்து இடத்தைக் காட்டுங்கள். உங்கள் தவறைச் சரியாகச் சொன்னால், சொன்னவன் உங்கள் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தாலும், மறுபேச்சில்லாமல் ஒரு காயினை எடுத்து நடுவில் வைக்க இடம்கொடுத்துவிட்டு ஸ்ட்ரைக்கரை எதிராளியிடம் நகர்த்துங்கள். முதல் ஆட்டக்காரர்கள் இருவரும் வந்திருக்கிறார்களென்று தலைவர் சொல்லுகிறார், போட்டியைத் தொடங்கலாம்.